இடது பக்கத் தாள்

— அசையாதீங்க அண்ணி, குண்டூசி குத்திடும்.

— குத்தினா குத்தட்டும். வாயில அத்தனை குண்டூசியை வெச்சுக்கிட்டு நீ பேசறதுதான் எனக்குப் பயமா இருக்கு. ஒண்ணு உள்ள போச்சுன்னா உங்க அண்ணனுக்கு யாருடி பதில் சொல்றது?

— இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட உள்ள போனதில்ல. கையைத் தூக்குங்க... இறக்குங்க... அப்படியே திரும்புங்க... அட!

— என்னடி? குண்டாயிட்டேனா?

— அது எப்பவோ ஆயாச்சு. விஷயம் அதில்ல. உங்களுக்குக் கழுத்துக்குப் பின்னாடி லேசா ஒரு மேடு இருக்கு.

— குனிஞ்சு குனிஞ்சு தபால் பிரிச்சா மேடு வராம என்ன வரும்? நீதான் ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லிக் காட்டுவே.

— சொல்லிக் காட்டல. எது தைச்சாலும் அந்த இடத்துல நான் துணியைக் கொஞ்சம் கூட்டணும், இல்லன்னா தூக்கிக்கும். இதுல நான் கையே வைக்கல.

— அப்படின்னா?

— பேப்பர்ல எப்படி இருந்துச்சோ அப்படியே காடாத் துணியில வெட்டினேன். சும்மா ட்ரையல்தானே, அப்புறம் திருத்திக்கலாம்னு. கண்ணாடியைப் பாருங்க. முதுகுல ஒரு சுருக்கம் இருக்கா?

— ...இல்ல. கையும் சரியா மணிக்கட்டுல வந்து நிக்குது. எனக்கு எப்பவும் கை நீளம் பத்தாதே.

— அதான். இடுப்பும் உங்களை மாதிரியே குட்டை. எவளோ ஒருத்தி, நான் பொறக்கறதுக்கெல்லாம் முன்னாடி இந்தப் பேட்டர்ன் தாளை வாங்கி, தன் உடம்புக்குத் தகுந்த மாதிரி அங்கங்க வெட்டி, ஒட்டி, கோடு போட்டு வெச்சிருக்கா. அவ உடம்பு அப்படியே நீங்க. பாருங்க, சொல்லும்போதே எனக்குக் கை சிலிர்த்துக்குது.

— உனக்கு எதுக்குத்தான் சிலிர்க்காது? ஃபிரிட்ஜைத் திறந்தாலே சிலிர்க்கும்.

— சிரிக்காதீங்க அண்ணி! பழைய பேட்டர்ன்தான் என் பொழைப்பே. பழைய பேப்பர் கடை, ஏலம், செத்தவங்க வீட்டு அலமாரின்னு எங்கெங்கேயோ போய்ப் பொறுக்கிட்டு வந்திருக்கேன். திருத்தாம ஒண்ணுகூட யாருக்கும் தைச்சதில்ல. கை சரியா வந்தா இடுப்பு வராது, இடுப்பு வந்தா கை வராது. இதுல பாக்கெட்கூட இடது பக்கம்.

— அதுக்கென்ன?

— எந்தக் கவுன் பேட்டர்ன்லயும் இடுப்புல ஒத்தைப் பாக்கெட்னா வலது பக்கம்தான் இருக்கும். அவ அதை அடிச்சுட்டு இடது பக்கம் குறிச்சிருக்கா. இடதுகைக்காரி. உங்களை மாதிரி.

— ...உலகத்துல நான் ஒருத்திதான் இடதுகைக்காரியா?

— அப்ப அந்த வாசனை? பேட்டர்ன் கவரைப் பிரிச்சதும் ரூம் பூரா உங்க பவுடர் வாசனை.

— குருவி, நான் பவுடர் போடறதே இல்ல. மூஞ்சியைப் பாரு! வெளுத்துப் போச்சு. பழைய பேப்பர்னா ஏதாவது ஒரு வாசனை அடிக்கத்தான் செய்யும். உன் வேலையைப் பாரு.

— எங்கேர்ந்து புடிச்சீங்க இதை?

— சொன்னேனே. தபால் ஆபீஸுக்குப் பின்னாடி இருக்கிற பழைய புத்தகக் கடை. ஒரு சமையல் புத்தகத்துக்கு நடுவுல சொருகியிருந்துச்சு. கவர் மேல இருந்த படம் பிடிச்சுது, வாங்கினேன்.

— எனக்கு அந்தப் படமே பிடிக்கல.

— ஏன்? மூணு பேரு, மூணு கலர்ல கவுன். அழகாத்தானே நிக்கறாங்க.

— ரெண்டு பேர் நேரா பார்த்து சிரிக்கறாங்க. நடுவுல இருக்கறவ மட்டும் தொப்பியைக் கழட்டி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கறா. அவளைச் சுத்தி மட்டும் யாரோ பென்சில்ல ஒரு வட்டம் போட்டிருக்காங்க.

— அந்தக் கவுன் பிடிச்சிருக்கும், போட்டிருப்பா. ...தொப்பியை எந்தப் பக்கமா அணைச்சுக்கிட்டிருக்கா, பார்த்தியா?

— கவனிக்கல.

— இடது பக்கம்.

— ...சரி. திரும்பி நில்லுங்க, கீழ் மடிப்பு பார்க்கணும்.

— குருவி, ஒண்ணு கேக்கறேன். இந்த ட்ரையல்ல இடது பக்கத்தை நீ எதை வெச்சு வெட்டினே?

— இதென்ன கேள்வி? வலது பக்கத் தாளைத் திருப்பிப் போட்டுத்தான். பேட்டர்ன்னா ஒரு பக்கத்துக்குத்தான் தாள் இருக்கும். துணியை மடிச்சு வெட்டினா ரெண்டு பக்கமும் வந்துடும். கடவுளும் நம்மளை அப்படித்தானே மடிச்சு வெட்டியிருக்கான்.

— இதுல ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா இருந்துச்சே.

— எங்க?

— அந்தக் கவருக்குள்ளதான். வலது பக்கம் மெல்லிசா, கடையில வந்த தாள். இடது பக்கம் வேற. பழுப்பு நிறம், கெட்டியா, பார்சல் சுத்தற தாள் மாதிரி. கையால வரைஞ்சது.

— ஓ, அதுவா... அது கிழிஞ்சிருந்துச்சு அண்ணி. தூக்கிப் போட்டுட்டேன்.

— கிழியலையே.

— மடிச்ச இடத்துல லேசா...

— இளஞ்சூட்டுல இஸ்திரி போட்டு உன்கிட்ட குடுத்ததே நான்தானே. ஒரு பொட்டுக் கிழிசல் கிடையாது அதுல.

— சரி, கிழியல. அது தப்பா வெட்டின தாள், போதுமா? மார்புக்கு மடிப்புப் பிடிப்போமே, டாட்... அந்தத் தாள்ல டாட்டே இல்ல. பலகை மாதிரி தட்டையா இருக்கு. கத்துக்குட்டி எவளோ சொதப்பி வெச்சிருக்கா.

— முதுகு, கை, இடுப்பு, பாக்கெட் வரைக்கும் அவ்வளவு நுணுக்கமா பார்த்தவ, அந்த ஒரு இடத்துல மட்டும் சொதப்பிட்டாளா? இப்பத்தான் வாயில குண்டூசி ஒண்ணும் இல்லையே. பேசேன்.

— போன் அடிக்குது, இருங்க. ...ஹலோ, சொல்லுண்ணா. ...ஆமா, இங்கதான் நிக்கறாங்க, உடம்பு பூரா குண்டூசியா. ...என்னது? வெளியூரா? யாரு, அண்ணியா? ...அடுத்த வாரமா? ...ஓ, ட்ரெயினிங்கா. ...ஆங், சொன்னாங்க, சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன். ...சரி, சாப்பிட வெச்சுத்தான் அனுப்புவேன். வெச்சிடறேன்.

— ...தேங்க்ஸ்.

— எதுக்கு தேங்க்ஸ்? கவுண்டர்ல ஸ்டாம்ப் கிழிச்சுக் குடுக்கறவங்களுக்கு, ரிட்டயர் ஆகப்போற நேரத்துல, வெளியூர்ல என்ன ட்ரெயினிங் அண்ணி?

— புது கம்ப்யூட்டர் வந்திருக்கு, அதுக்கு...

— அண்ணி.

— அந்தத் தாளை எடு. அந்த மேஜை விரிப்புக்கு அடியில வெச்சிருக்கே. ஓரம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. உள்ள வந்ததுமே பார்த்துட்டேன்.

— மாட்டேன்.

— எடுத்து, அதை வெச்சு இடது பக்கம் வெட்டு.

— பைத்தியமா உங்களுக்கு? அதை வெச்சுத் தைச்சா மூச்சுகூட விட முடியாது. இருக்கிற உடம்புக்குத்தான் நான் தைப்பேன்.

— என் பெரிய பொண்ணு பட்டம் வாங்கற விழாவுக்கு நான் போட்டுக்கத்தானே இந்தக் கவுன்? அதுக்கு இன்னும் நாள் கிடக்கு. போட்டுக்கப் போற அன்னிக்கு இருக்கிற உடம்புக்குத் தை.

— இப்படிப் பேசாதீங்க. நீங்க பேசற மாதிரியே இல்ல. அவ பேசற மாதிரி இருக்கு.

— எவ?

— தொப்பியை அணைச்சுக்கிட்டு நிக்கறவ. ...உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? அந்தத் தாளை நான் இந்தத் தையல் பொம்மை மேல குத்தி வெச்சேன். உங்க அளவுக்குப் பஞ்சு வெச்சு சரி பண்ணின பொம்மை. சாப்பிட்டுட்டு வந்து பார்க்கறேன், தாள் தரையில கிடக்கு. குண்டூசி அத்தனையும் பொம்மையிலயே நிக்குது. தாள் கிழியவும் இல்ல.

— காத்துக்கு விழுந்திருக்கும்.

— ஜன்னலைச் சாத்திட்டுத்தான் போனேன். ...கழட்டுங்க அண்ணி, முதல்ல இந்தக் காடாவைக் கழட்டுங்க. நான் இதைத் தைக்கவே போறதில்ல. வாங்க, கடைக்குப் போய் ரெடிமேடாவே ஒண்ணு எடுத்துடலாம். முதுகு தூக்கினா தூக்கிக்கிட்டுப் போகட்டும்.

— குருவி. என்னைப் பாரு. அந்தத் தாள் என்னன்னு பார்த்த உடனே உனக்குப் புரிஞ்சுடுச்சு. இல்லையா? கத்துக்குட்டியுமில்ல, சொதப்பலுமில்ல. சொல்லு.

— அம்மாவுக்கு நான்தானே தைச்சேன். மார்புல ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப. அவங்களுக்கு வலது பக்கம். இதே மாதிரி டாட்டை மூடி, தட்டையா. எவ்வளவு ஆசையா தைச்சேன் தெரியுமா அண்ணி? ஒரே ஒரு தடவைதான் போட்டாங்க. அப்புறம் போட்டுக்க அவங்க இல்ல.

— தெரியும். உங்க அண்ணன் அதை இன்னும் பீரோவுல வெச்சிருக்கார். அந்த வியாதி பேரு டி.வி.யில வந்தாகூட எழுந்து வெளிய போயிடுவார். அவர்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? உன்கிட்டத்தான் எப்படிச் சொல்லுவேன்?

— அதனால தாளை இஸ்திரி போட்டுக் குடுத்து அனுப்பினீங்க.

— நீயே புரிஞ்சுப்பேன்னு நினைச்சேன். புரிஞ்சுக்கிட்டே. புரிஞ்சுக்கிட்டு விரிப்புக்கு அடியில சொருகிட்டே.

— நான் வெட்டலைன்னா அது நடக்காதுன்னு... முட்டாள்தனம்தான், தெரியும். ...என்ன சொன்னாங்க ஆஸ்பத்திரியில?

— எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க. நல்லவேளை ஆரம்பத்துலயே வந்தீங்கன்னு அந்த டாக்டரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. அடுத்த வாரம்.

— ட்ரெயினிங்.

— ட்ரெயினிங்.

— அடப்பாவி அண்ணி! அழுகையும் வருது, சிரிப்பும் வருது.

— மூக்கைத் துடை முதல்ல. துணி மேல சிந்தப் போறே.

— ...இருங்க, அந்தத் தாளை எடுக்கறேன். ...அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க. ஜன்னல்கிட்ட. வெளிச்சத்துக்கு நேரா பிடிக்கறேன், பாருங்க.

— ஐயோ, என்ன இது! சல்லடை மாதிரி இருக்கு!

— குண்டூசித் துளை. ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் தாளைத் துணியோட சேர்த்துக் குத்துவோம். ஒரு கவுன் தைச்சிருந்தா ஓரத்துல ஒரு வரிசை துளைதான் இருக்கும். இது... எண்ணவே முடியல. பயத்துல நான் இதை வெளிச்சத்துல பிடிச்சே பார்க்கல.

— அப்ப...

— அதுக்கப்புறம் எத்தனை கவுன் தைச்சிருக்கா பாருங்க! இடுப்புக்கிட்ட பாருங்க. முதல்ல பென்சில் கோடு. அதுக்கு வெளிய நீல மையில ஒண்ணு. அதுக்கும் வெளிய, தாள் பத்தாம ஒட்டுப் போட்டு, இன்னொண்ணு.

— எதுக்கு அத்தனை?

— பெருத்திருக்கா அண்ணி! நல்லா சாப்பிட்டிருக்கா, வயசாகியிருக்கு, இடுப்பு பெருத்துக்கிட்டே போயிருக்கு. அவளும் விடாம புதுசு புதுசா தைச்சுப் போட்டுக்கிட்டு ஊர் சுத்தியிருக்கா.

— ...எனக்கு அந்த வெளிக்கோடு வேணாம்டி. உள்கோடு போதும்.

— இப்போதைக்கு உள்கோடு. வெளிக்கோடும் ஒருநாள் வேணும். தாளைப் பத்திரமா வெச்சுக்கறேன்.

— அழ வைக்காதே. வெட்டு.

— வெட்டறேன். ஆனா இன்னிக்கே அண்ணன்கிட்ட சொல்லிடணும். நானும் கூட வரேன், ரெண்டு பேருமா சொல்லலாம். எழுந்து வெளிய போனா வாசல்ல நான் நிப்பேன். அந்த ட்ரெயினிங்குக்கும் நான் வருவேன்.

— ...ம்.

— இன்னொண்ணு. என்கிட்ட உண்மையைச் சொல்லணும். சமையல் புத்தகத்துக்கு நடுவுல சொருகியிருந்துச்சுன்னு கதையெல்லாம் வேணாம். டாக்டர் சொன்னதுக்கப்புறம், இந்த மாதிரி பேட்டர்ன் எங்கயாவது கிடைக்குமான்னு கடை கடையா அலைஞ்சுதானே புடிச்சீங்க?

— இல்லடி. டாக்டர்கிட்ட போனதே அப்புறம்தான். இதை வாங்கின அன்னிக்கு வீட்டுல யாருமில்ல. கண்ணாடி முன்னாடி நின்னு தாளை ஒவ்வொண்ணா மேல வெச்சுப் பார்த்தேன். முதுகு என் முதுகு. கை என் கை. இடுப்பு என் இடுப்பு. இந்த ஒரு தாள்தான் பொருந்தல. மத்ததெல்லாம் என் உடம்பா இருக்கும்போது இது மட்டும் எப்படி இல்லாம போகும்னு... அந்த இடத்துல கையை வெச்சு அழுத்திப் பார்த்தேன்.