ரெண்டு மணி ரீடிங்

நாத்தனார்: ...உள்ள காலை வைக்கிறேன், வெல்டர் சம்சாரம் கையில வாளியோட நிக்கிறாங்க அண்ணி. வாசப்படிகிட்ட தரை ஈரம்.

அண்ணி: தண்ணி கொட்டிடுச்சா?

நாத்தனார்: கொட்டல, அப்பதான் தெளிக்க ஆரம்பிச்சிருக்காங்க. என்னைப் பார்த்ததும் முகமே மாறிடுச்சு. "ரெண்டு மணிக்குத்தானே வருவே, இன்னிக்கு என்ன ஒரு மணிக்கே வந்துட்டே"ன்னு ஒரே சங்கடம்.

அண்ணி: அதான் நானும் கேக்கறேன். ஏன் ஒரு மணிக்கே போனே?

நாத்தனார்: வழக்கமா ஒன்றரைக்கு விடற ஸ்கூல், இன்னிக்குப் பன்னெண்டரைக்கே விட்டாச்சு. லேபைப் பூட்டிட்டு நேரா போயிட்டேன். கடைசி ரீடிங்தானே, சீக்கிரம் எடுத்துட்டா சார்ட் எழுத நேரம் கிடைக்கும்னு...

அண்ணி: சரி, வீட்டைக் கழுவறது ஒரு குத்தமா டீச்சரம்மா? மொதல்ல அந்தப் பையை மெஷின் மேலேருந்து எடு. நூல் சிக்கிக்கும்.

நாத்தனார்: டீச்சரம்மாவாம். டெஸ்ட் ட்யூப் கழுவறவளைப் போய்... கேளுங்க அண்ணி. தெர்மாமீட்டரைச் சுவத்துல மாட்டினேன். நாப்பது.

அண்ணி: எவ்ளோ?

நாத்தனார்: நாப்பது. அதே வீடு, அதே ஆணி. இந்தாங்க நோட்டு, பதினாலு நாளா அந்த வீட்டுக்கு நான் எழுதினதைப் படிங்க.

அண்ணி: முப்பத்தி நாலு... முப்பத்தஞ்சு... முப்பத்தி நாலு... முப்பத்தி மூணு.

நாத்தனார்: மொதல்ல தரை, அப்புறம் ஜன்னல்ல ஈரச் சாக்கு, கூரை மேல நாலு வாளி. தினமும் ஒரு மணிக்கு ஆரம்பிச்சு நான் வர்றதுக்குள்ள முடிச்சிடுவாங்களாம்.

அண்ணி: எதுக்காம்?

நாத்தனார்: அதையும் கேட்டேன். "வெயில்ல அலைஞ்சு வர்ற பொண்ணு, அடுப்பு மாதிரி இருக்கிற வீட்டுக்குள்ள எப்படிம்மா கூப்பிடறது"ன்னாங்க.

அண்ணி: அட கடவுளே...

நாத்தனார்: சிரிக்காதீங்க அண்ணி.

அண்ணி: சிரிக்கல. சொல்லு, வெல்டர் வீடு மட்டும்தானா?

நாத்தனார்: நானும் அப்படித்தான் நினைச்சேன். சொல்லாம கொள்ளாம இன்னும் நாலு வீட்டுக்குப் போனேன். நாலுலயும் வாளி. சலூன்காரர் வீட்டுல ஃபேன் இல்ல. நேத்து வரைக்கும் இருந்துச்சு. ஃபேன் எங்கன்னா, "அது ரெண்டே காலுக்குத்தான் இங்க வரும்"ங்கறார்.

அண்ணி: ஃபேன் வருமா?

நாத்தனார்: ஒரே ஃபேன் அண்ணி! எட்டு வீட்டுக்கும் ஒரே ஃபேன்! நான் இந்த வீட்டுல ரீடிங் எடுத்துட்டு நோட்டுல எழுதறதுக்குள்ள, கொல்லைப்பக்கமா அடுத்த வீட்டுக்குப் போயிடுது!

அண்ணி: பதினாலு நாளா உனக்குத் தெரியலையா?

நாத்தனார்: நீலக் கலர். ஒரு ரெக்கை நுனி உடைஞ்சிருக்கும்... எல்லாரும் ஒரே கடையில வாங்கியிருக்காங்கன்னு நினைச்சேன்.

அண்ணி: எல்லார் வீட்டுலயும் ஒரே ரெக்கை உடைஞ்சிருக்குமா?

நாத்தனார்: ...நீங்க சிரிக்கறீங்க.

அண்ணி: பின்னே? உலகமே சூடாகுதுன்னு மைக்ல பேசினே. நம்ம தெரு மட்டும் குளுகுளுன்னு இருக்குன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கியே.

நாத்தனார்: சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா சராசரியைச் சொல்றேன். முப்பது வீட்டுக்கும் சேர்த்து முப்பத்தி நாலரை.

அண்ணி: வார்டு இன்ஜினியர் எவ்ளோ கேட்டாரு?

நாத்தனார்: முப்பத்தாறு. வீட்டுக்குள்ள முப்பத்தாறுக்கு மேல இருக்குன்னு நிரூபிச்சா தெருமுனை மரமெல்லாம் தப்பும். இல்லன்னா வெட்டிட்டு லாரி நிறுத்த சிமெண்ட் தளம். நாளைக்குப் பத்து மணிக்கு வார்டு ஆபீஸ்ல முடிவு.

அண்ணி: இருபத்திரெண்டு மரம்...

நாத்தனார்: ஆமா. இருபத்திரெண்டும் போச்சு. நம்ம கையாலேயே எழுதிக் குடுத்துடப் போறோம்.

கண்டக்டர்: தங்கச்சி! கதவைத் திற. சார்ட் பேப்பர் வாங்கிட்டு வந்திருக்கேன், காத்துல பறக்குது.

அண்ணி: திறந்துதான் இருக்கு, வாங்கண்ணே. ஆனா நம்ம குழு செயலாளர் உட்கார்ந்துக்கிட்டே கேக்கறது நல்லது.

கண்டக்டர்: என்ன, டீச்சர் முகம் இப்படி இருக்கு? எழுதியாச்சா?

நாத்தனார்: எழுத ஒண்ணுமில்லண்ணே. ரீடிங் எல்லாமே தப்பு. நான் வர்றேன்னு தெருவே தண்ணி தெளிச்சு வீட்டைக் குளிர வச்சிருக்கு. இன்னிக்குத்தான் கையும் களவுமா பிடிச்சேன்.

கண்டக்டர்: யாரு அப்படிப் பண்ணது? பேரைச் சொல்லு, நான் கேக்கறேன். மரத்தைக் காப்பாத்த நிழல் குழுன்னு ஒண்ணை ஆரம்பிச்சு, வீடு வீடா ஏறி இறங்கி, கையெழுத்து வாங்கி... கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?

நாத்தனார்: உங்க வீட்டுல முப்பத்தி மூணுண்ணே.

கண்டக்டர்: ...எங்க வீடு கொஞ்சம் காத்தோட்டம்.

நாத்தனார்: உங்க கூரை மேல ஈரச் சாக்கு கிடக்கு. பதினோரு சாக்கு. எண்ணிட்டுத்தான் வர்றேன்.

கண்டக்டர்: அது... நீ வர்ற நேரமாச்சேன்னு...

அண்ணி: நீங்களே போட்டீங்களா?

கண்டக்டர்: முப்பது வருஷம் பஸ்ல ஏறறவங்களுக்கெல்லாம் ஜன்னல் ஓரமா இடம் பார்த்துக் குடுத்தவன் தங்கச்சி. வீட்டுக்கு வர்றவளை வேக வைக்கச் சொல்றியா?

அண்ணி: சரியாப் போச்சு.

கண்டக்டர்: இப்ப என்ன? ஒரு பேனாவைக் குடு. எல்லா ரீடிங்லயும் அஞ்சு கூட்டிப் போடு. முடிஞ்சது கதை.

நாத்தனார்: மாட்டேன்.

கண்டக்டர்: ஏன் மாட்டே?

நாத்தனார்: பொய்ண்ணே அது.

கண்டக்டர்: எது பொய்? வீட்டுக்குள்ள நாப்பது இருக்கா இல்லையா?

நாத்தனார்: இருக்கு.

கண்டக்டர்: அப்போ முப்பத்தி நாலுன்னு நீ எழுதியிருக்கியே, அதுதான் பொய். அதைத் திருத்தச் சொல்றேன்.

நாத்தனார்: நீங்க சொல்றது நியாயம் மாதிரிதான் இருக்கு. ஆனா என் கண்ணு பார்த்தது முப்பத்தி நாலு. பார்க்காத நம்பரை என்னால எழுத முடியாதுண்ணே. நாளைக்கு இன்ஜினியர் ஒரு வீட்டுக்கு வந்து நின்னு, இவங்க வாளியைத் தூக்கிட்டாங்கன்னா? இனிமே நம்ம தெரு என்ன சொன்னாலும் எவன் நம்புவான்?

கண்டக்டர்: அப்போ நாளைக்கு என்ன சொல்லப் போறே?

நாத்தனார்: நடந்ததைச் சொல்றேன். வர்றவங்களுக்காகத் தண்ணி தெளிச்சாங்க, அதான் குறைஞ்சிருக்குன்னு.

கண்டக்டர்: "தண்ணி தெளிச்சாலே குளிருதே, அப்புறம் மரம் எதுக்கு"ன்னு கேப்பான். சிரிப்பான் டீச்சர். போன கூட்டத்துல பார்த்தேல்ல? "வெயில் வெயில்னு கத்தறீங்களே, உங்க தெருவுல யாராவது வெயில்ல செத்திருக்காங்களா"ன்னு கேட்டான். ஒருத்தர் வாயைத் திறந்தோமா? இருந்தாத்தானே சொல்ல முடியும். உங்கப்பா போனது கூட ஹார்ட் அட்டாக்தானே.

அண்ணி: ...ஆமா.

நாத்தனார்: ஆமாண்ணே.

கண்டக்டர்: நல்ல மனுஷன். போன கோடை... ஒரு வருஷமாச்சு. சரி, நான் வீடு வீடா போய் நாளைக்கு ஆளைத் திரட்டறேன். நம்பர் இல்லன்னாலும் தலை எண்ணிக்கையாவது இருக்கட்டும். வாளி இல்லாம வாங்கன்னு சொல்லிடறேன்.

அண்ணி: போயிட்டு வாங்கண்ணே. வெயில் தாழப் போங்க.

கண்டக்டர்: வெயில் தாழற வரைக்கும் உட்கார்ந்தா முப்பது வீட்டுக்கும் எப்ப ஏறி இறங்கறது? வர்றேன்.

அண்ணி: தண்ணி குடி. முகமெல்லாம் உப்புப் பூத்திருக்கு.

நாத்தனார்: அண்ணி, ஒண்ணு கேக்கவா?

அண்ணி: கேளு.

நாத்தனார்: நம்ம வீட்டு ரீடிங் நீங்கதானே எழுதறீங்க. நாள் தவறாம முப்பத்தி மூணு. நீங்களும் தண்ணி தெளிச்சீங்களா?

அண்ணி: நான் ஏன் தெளிக்கறேன்? நீ என்ன வெளி ஆளா? இந்த முன் ரூம்ல மாட்டினேன். ஓட்டுக்கூரை, எதிர்ல சுவர் நிழல். அதான் கம்மி.

நாத்தனார்: பின் ரூம் தகரக் கூரை. அங்க ஏன் மாட்டல?

அண்ணி: பூட்டிக் கிடக்கு.

நாத்தனார்: பூட்டினது நீங்கதானே.

அண்ணி: அதுல துணி மூட்டை இருக்கு.

நாத்தனார்: ஒரு மூட்டையும் இல்ல. ஜன்னல் வழியா பார்த்திருக்கேன். அப்பா கட்டில் மட்டும்தான் இருக்கு.

அண்ணி: ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தியா நீ?

நாத்தனார்: சாவி எங்க அண்ணி?

அண்ணி: இன்னிக்கு வேணாமே.

நாத்தனார்: தண்ணி தெளிக்காத ஒரே ரூம் இந்தத் தெருவுல அதுதான். ஒரு ரீடிங். பொய் கலக்காத ஒரே ஒரு ரீடிங் என்கிட்ட இருக்கட்டும்.

அண்ணி: ...மெஷின் டிராயர்ல. பாபின் டப்பாவுக்கு அடியில.

நாத்தனார்: நீங்க வரலையா?

அண்ணி: நீ போய் மாட்டு. நான் வாசப்படியிலேயே நிக்கறேன்.

நாத்தனார்: அப்பப்பா... திறந்ததும் மூஞ்சியில அடிக்குது. ஆணி இருக்கா இங்க?

அண்ணி: கட்டில் தலைமாட்டுல. சட்டை மாட்டுவாரே.

நாத்தனார்: மாட்டிட்டேன். பாதரசம் ஏறி நிக்கணும். அஞ்சு நிமிஷம் ஆகும்.

அண்ணி: அஞ்சு நிமிஷமா...

நாத்தனார்: என்ன அண்ணி, ஏன் கட்டிலையே பார்க்கறீங்க?

அண்ணி: அந்தக் கட்டிலை விட்டுத் தள்ளி நில்லு. சொல்றேன். உங்கண்ணனுக்குக் கூடத் தெரியாது.

நாத்தனார்: சொல்லுங்க.

அண்ணி: போன வருஷம் அந்த ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர். நாப்பது சட்டை, எல்லாம் வெள்ளை. மறுநாள் குடுக்கணும். தைக்கத் தைக்கக் கை வேர்த்து, துணியெல்லாம் கறை. மாமா பார்த்துட்டே இருந்தாரு. "ஃபேனை நீ எடுத்துட்டுப் போம்மா, நான் படுத்துத்தானே கிடக்கேன்"னாரு. வேணாம் மாமான்னு ஒரு வார்த்தை... வாய் வார்த்தைக்குச் சொன்னேன். அவர் மறுபடி சொல்றதுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டேன். மணி பன்னெண்டு. தைக்க உட்கார்ந்தா எனக்கு உலகமே தெரியாது. நாலு மணிக்கு டீயோட போறேன்... அவர் போட்டிருந்த சட்டையில ஒரு பொட்டு வேர்வை இல்ல, காஞ்சு போயிருக்கு. உடம்பு கொதிக்குது. செத்த உடம்பு அப்படிக் கொதிக்குமா?

நாத்தனார்: டாக்டர்...

அண்ணி: டாக்டர் என்கிட்டதான் கேட்டாரு. "ஃபேன் ஓடிச்சா"ன்னு. ஓடிச்சுன்னு சொல்லிட்டேன். அவர் வர்றதுக்குள்ள திரும்பக் கொண்டுபோய் வச்சு ஓட விட்டுட்டேன். நெஞ்சுவலின்னு எழுதிக் குடுத்தாரு. நாம எல்லாருக்கும் அதையே சொன்னோம். தெருவே சேர்ந்து உன்னை ஏமாத்திடுச்சுன்னு சொன்னியே. வீடு சுடுதுன்னு சொல்ல அவங்களுக்கு வெக்கம். எனக்கு வெறும் வெக்கம் மட்டும் இல்ல, பண்ணின பாவமும்.

நாத்தனார்: அண்ணி, அழாதீங்க.

அண்ணி: நீ கூட்டத்துக்குக் கூட்டம் போய் பேசறப்பெல்லாம் நான் டீ போட்டுக் குடுத்துட்டு மூலையில உட்கார்ந்திருப்பேன். அந்த இன்ஜினியர் யாராவது செத்தாங்களான்னு கேட்டப்போ, தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்... அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். பாரு.

நாத்தனார்: நாப்பத்தி மூணு.

அண்ணி: எழுது.

நாத்தனார்: எழுதறேன்.

அண்ணி: நாளைக்கு நான் பேசறேன். மைக் வேணாம், எழுந்து நின்னே சொல்றேன். எங்க மாமனார் வெயில்லதான் செத்தாரு, எங்க வீட்டுக்குள்ளேயே செத்தாரு, ஃபேனை எடுத்தது நான்தான்னு. நம்பரைத்தானே தண்ணி தெளிச்சுக் குறைக்க முடியும்.

நாத்தனார்: வேணாம் அண்ணி.

அண்ணி: ஏன் வேணாம்? உங்கண்ணன் கோவிச்சுக்குவாருன்னா?

நாத்தனார்: தெருவுல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. காலத்துக்கும் உங்களைத்தான் கை காட்டுவாங்க.

அண்ணி: காட்டட்டும். மரம் நின்னா போதும். உனக்கு என் மேல கோவம்னா இப்பவே திட்டிடு. பெத்த அப்பா. நீ திட்டினா நான் வாங்கிக்கறேன்.

நாத்தனார்: ...

அண்ணி: ஏதாவது பேசேன். பேசாம நிக்கறதுதான் தாங்கல.

நாத்தனார்: உங்களைத் தனியா நிக்க விடமாட்டேன். நானும் பக்கத்துல நிக்கறேன்.

அண்ணி: நீ எதுக்கு நிக்கணும்? நீ பண்ணது என்ன?

நாத்தனார்: அன்னிக்கு ஒரு மணிக்கு அப்பா எனக்குப் போன் பண்ணாரு அண்ணி. "ரூம்ல இருக்க முடியலம்மா, என்னைக் கைத்தாங்கலா அந்த மரத்தடி வரைக்கும் கூட்டிட்டுப் போயேன்"னாரு. பக்கத்து ரூம்ல அண்ணி இருக்காங்களே, கேளுங்களேன்னு சொன்னேன். "அவ தலைக்கு மேல வேலையோட இருக்கா, நீ வா"ன்னாரு. லேப்ல பரீட்சை நடக்குதுப்பா, சாயங்காலம் வர்றேன்... மரம் அங்கேயேதானே இருக்கப் போகுது, எங்கயும் போயிடாதுன்னு சொல்லி போனை வச்சது நான்தான்.