கயிறு அசையும் முன்னே

— அங்கனயே நில்லு இனிகோ. நாளைலருந்து என் கயித்த நீ பிடிக்க வேண்டாம்.

— அத்தான், நான் வேற ஒண்ணு சொல்ல வந்தேன்.

— நான் சொல்லுதத மொதல்ல கேளு. கூடப்பொறந்தவ தாலியறுக்க விடமாட்டான்னுதான மச்சினன் கையில கயித்தக் குடுக்கது? கீழ இருந்து நான் கயித்த அசைச்சா நீ இழுக்கணும். நீ என்னடான்னா அசைக்குமுன்னயே இழுக்க. இன்னைக்குச் சங்கத் தொட்டுட்டேன்லே. தூக்கிட்டியே.

— தூக்கினேன். இல்லங்கல.

— பொறாம. காது கிழிஞ்சதுலருந்து ஒன்னால முங்க முடியல. நான் எறங்கினா ஒனக்கு வயிறு எரியுது.

— எரியத்தான் செய்யுது. ஒங்க தல தண்ணிக்குள்ள மறையுதப்பல்லாம் எரியுது. அதுக்காக இழுக்கல அத்தான். எறங்குமுன்ன நெஞ்சு பொடைக்கப் புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதுனீங்கள்லா, அதப் பாத்துப் பயந்துதான் இழுத்தேன்.

— பவுல் அப்பிடித்தான ஊதுதான்? அவன் ஒருக்க வாரதுக்குள்ள நான் ரெண்டு தடவ மேல வந்து மூச்சு வாங்குதேன். முத்துக்குளிப்பும் நின்னு போச்சு, மிச்சம் இருக்கது இந்தச் சங்குதான். அதுலயும் கரைக்கு வந்தா எல்லாவனும் பவுலு பவுலுங்கான். ஒங்க அக்கா இசபெல்லா நேத்து கேக்கா, பவுலுக்குச் செவுள் மொளைச்சிருக்கான்னு. எனக்குச் சோறு எறங்கல.

— பவுல் பேச்ச விடுங்க அத்தான்.

— ஏன் விடணும்? அவன் மாதிரி ஊதினதும் எனக்கு மூச்சே முட்டல தெரியுமா? அடியில கெடக்கது அம்புட்டு சொகமா இருந்துச்சு.

— அந்தச் சொகந்தான் ஆபத்து. காதுக்காக ஆஸ்பத்திரியில கெடந்தப்ப டாக்டர்ட்ட கேட்டேன். உள்ள கெட்ட காத்து கூடக் கூட, மேல போ மேல போன்னு உடம்பு நெஞ்சப் போட்டு இடிக்குமாம். அதுதான் முட்டுதது. மேல வந்து மூச்சு வாங்கினா கெட்ட காத்து கொறைஞ்சிரும், இடியும் நின்னுரும். சூடு கூடினா வேர்க்கும், தண்ணி கொறைஞ்சா தாகமெடுக்கும்லா, அதே கணக்குத்தான். நம்மளக் கேக்காமலே உடம்பு தன்னைச் சரி பண்ணிக்கிடும்.

— அதுக்கும் ஊதுததுக்கும் என்னலே?

— கெட்ட காத்த முன்கூட்டியே ஊதித் தள்ளிட்டா, இடிக்கதுக்கு உள்ள எதுவும் இருக்காது. நல்ல காத்து தீந்து போனாலும் உடம்பு வாயத் தொறக்காது. சொகமா இருக்கும்போதே கண்ணு இருட்டிரும். அப்புறம் கயித்த அசைக்கக் கை ஏது?

— ஒங்க டாக்டர் கடல்ல எறங்கிப் பாத்தாரோ? பவுல் தெனம் ஊதுதான், தெனம் வாரான். ஒனக்கு மனசில்ல, அதச் சொல்லு.

— அத்தான், கொஞ்சம் உக்காருங்க.

— உக்கார மாட்டேன். காலையிலயே ஆள் பேசிட்டேன். பவுல் மச்சினன் கிருபைதான் நாளைலருந்து எனக்கும் பிடிக்கான். ஒன்னைய மாதிரி, மூச்சுக் கணக்குக்குச் சொல்லுத மங்கள வார்த்தை செபத்தப் பாதி முழுங்கிட்டு இழுக்கிற ஆளில்ல. கயிறு அசையாம அவன் கை அசையாது. பவுலுக்கு என்ன வாய்ச்சிருக்கோ அதே எனக்கும் வாய்க்கட்டும்.

— பவுல இப்பத்தான் கரையில கெடத்தியிருக்கு அத்தான். கிருபை கயித்தக் கையில இருந்து விடமாட்டேங்கான், அவன் அசைக்கவே இல்லியேங்கான்.