டோன் மட்டும் கொஞ்சம் ஒல்லி

பிறருக்குப் பரிசு வாங்குவதில் எனக்குக் கைராசி உண்டு. மச்சினிக்கு நான் வாங்கிக் கொடுத்த குக்கர் இன்றைக்கும் ஒழுங்காக விசில் அடிக்கிறது. ஆபீஸில் யாருக்காவது பிரிவு உபசாரம் என்றால் என்ன வாங்கலாம் என்று என்னைத்தான் கேட்பார்கள். ஒரு மனிதரிடம் என்ன இல்லை என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. என்ன இல்லை என்று சொன்னால் அவர் நம்புவார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அது எனக்கு வரும். குணசேகருக்கு நான் கொடுத்த பரிசைப் பற்றி ஆளுக்கொன்று பேசுகிறார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஆண்டனி. பெங்களூர் தொம்மலூரில் வீடு. ஒரு கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர். விடுமுறை நாட்களில் மல்லேஸ்வரம் சீனிவாசராகவன் சார் நடத்தும் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பேன். கல்யாண ரிசப்ஷன், பிள்ளையார் பந்தல், நவம்பர் வந்தால் கர்நாடகம் உருவான நாளுக்குத் தெருவுக்குத் தெரு ராஜ்யோத்சவா மேடை. சாருக்கு வயதாகிவிட்டது. மேடை ஓரம் நாற்காலி போட்டு, ஃபிளாஸ்க் காபியை டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டே கேட்பார். வாசிப்பு அவரைப் பிடித்துவிட்டால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். அந்த ஆர்கெஸ்ட்ராவில் பல வருஷம் லீடு கிட்டார், அதாவது முன்னால் நின்று தனியாக வாசிப்பவன், நான்தான். சார் டம்ளரைக் கீழே வைத்ததில்லை. காபி ஆறிவிடும் என்பதால் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் குணசேகர் வந்தான். கோலார் தங்கவயல் பையன். தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். இவன் பெங்களூரில் எலெக்ட்ரீஷியன். தினமும் மாரிக்குப்பம் ரயிலில் நின்றுகொண்டே வந்து, நின்றுகொண்டே போவான். பெயிண்ட் உரிந்த ஒரு கிட்டார். இரண்டு இடத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஒயர். ஒயரின் ஒரு முனை கிட்டாரில், மறுமுனை ஸ்பீக்கரில். நடுவில் ஒன்றும் கிடையாது.

ஈஜிபுரா பிள்ளையார் பந்தலில்தான் முதல் தடவை வாசித்தான். பாட்டுக்கு நடுவே ஒரு சின்ன இசைத்துணுக்கு, அவ்வளவுதான். சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் கரண்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். வரிசையில் நின்றவர்கள் சுண்டலைக் கேட்க மறந்தார்கள். யாரோ ஒருவன் "சூப்பர் குரு!" என்று கத்தினான். நான் திரும்பிப் பார்த்தேன். சாரின் டம்ளர் தரையில் இருந்தது. காபியில் ஆடை படிந்திருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் சார் என்னைத் தனியாக அழைத்தார். "ஆண்டனி, இனிமே லீடு குணா பாத்துக்கட்டும். நீங்க பின்னாடி நின்னு பாட்டுக்குத் துணையா கார்ட்ஸ் போடுங்கோ. உங்க கைக்கும் ரெஸ்ட்" என்றார்.

சரி சார் என்றேன். வயிறு எரிந்தது. வீடு வந்து மோர் குடித்தேன், அடங்கவில்லை. மேடையின் முன்னால், பாடகிக்குப் பக்கத்தில், விளக்கு விழும் அந்த ஓரடி இடம் என்னுடையது. அது எனக்குத் திரும்ப வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கில்லை.

கம்பியை அறுப்பவர்கள் உண்டு. ஸ்பீக்கரில் தண்ணீரை ஊற்றுபவர்களும் உண்டு. நான் அப்படிப்பட்டவன் அல்ல. எங்கள் கேன்டீனில் கணேசமூர்த்தி என்று ஒரு சமையல்காரர் இருந்தார். அவர் ரசத்துக்காகவே மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். எல்லோரும் அவரையே புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் நான் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஏதோ ஒண்ணு கொறையுதில்ல?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். மறுநாள் அவர் இஞ்சி சேர்த்தார். அதற்கு மறுநாள் சோம்பு. ஒரு மாதத்தில் அந்த ரசத்தை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. முதலில் ரசம் போயிற்று, பிறகு கணேசமூர்த்தியும் போனார். மனிதர் மனது எப்படி வேலை செய்கிறது என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

குணசேகரின் பிறந்தநாளுக்கு ஒரு பெடல் வாங்கினேன். பச்சை நிறத்தில் கைக்கு அடக்கமான இரும்புப் பெட்டி. ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் கொடுத்தேன்.

"இன்னாணா இது?"

"கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல மாட்டணும். காலால மிதிச்சா டோன், அதான் சத்தத்தோட கனம், மாறும்."

"என் டோனுக்கு இன்னாணா ஆச்சி?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு இழுத்து விட்டேன்.

"குணா, உன் கையில எல்லாம் இருக்கு. டோன் மட்டும் கொஞ்சம் ஒல்லியா இருக்கு."

அவன் தன் விரல்களைப் பார்த்தான். பிறகு கிட்டாரை, பிறகு அந்த ஒயரை. அதுவரை அவனுக்கு டோன் என்று ஒரு கவலையே இருந்ததில்லை. தொட்டால் பாடும், அவ்வளவுதான். இப்போது இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு சுருக்கம் விழுந்தது. நான் கொடுத்த பரிசு அந்தச் சுருக்கம்தான். பெடல் வெறும் ஜிகினாத்தாள்.

மாட்டி வாசித்தான். மிதிக்காமல் ஒருமுறை, மிதித்து ஒருமுறை. "தெரிதாண்ணா?" என்று கேட்டான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. மிதித்தால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

"அடேயப்பா, இப்பத்தான் கெட்டிச் சாம்பார் மாதிரி இருக்கு" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் மனது நிறைந்தது. கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவனே வாங்கினான். நான் வாயால் மட்டும் உதவினேன். பச்சைப் பெட்டி இரைகிறது என்று சொன்னேன். இரைச்சலை அடக்க ஒரு பெட்டி வந்தது. அடக்கியதில் சத்தம் செத்துவிட்டது என்றேன். எதிரொலி கொடுக்க ஒரு பெட்டி வந்தது. எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுக்க ஒரு பெட்டி, எல்லாவற்றையும் முடுக்கி வைக்க ஒரு பலகை, பலகையை இழுத்துவரச் சக்கரம் வைத்த ஒரு பெரிய பெட்டி. அவன் மனைவி யாமினி தையல் மெஷின் கேட்டிருந்தாள். அது தள்ளித் தள்ளிப் போயிற்று.

ரயிலைப் பற்றி நான் ஆரம்பத்திலேயே யோசித்திருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. காலையில் அந்த ரயிலில் மனிதர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் ஏற முடியும். கிட்டாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றால் யாருக்கும் தொந்தரவில்லை. பங்காரப்பேட்டை தாண்டினால் அவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, டிபன் டப்பாவில் தாளம் போடுவார்களாம். சக்கரப் பெட்டியோடு ஏறியபோது, "யோவ், இன்னாயா இது, பீரோவ இஸ்துகினு வந்துகிற?" என்று அதே ஆட்கள் அவனை இறக்கிவிட்டார்கள். ஒரு ரயிலை விட்டு அடுத்ததில் வர ஆரம்பித்தான். வந்த பிறகு பெட்டிகளைச் சரிசெய்வதிலேயே ஒத்திகை முடிந்துவிடும்.

மல்லேஸ்வரத்தில் ஒரு ரிசப்ஷன். அவன் வாசிக்க வேண்டிய இடம் வந்தது. மிதித்தான். சத்தம் வரவில்லை. குனிந்து ஒவ்வொரு ஒயராக அசைத்துப் பார்த்தான். மண்டபம் முழுக்க அவன் உச்சந்தலையைப் பார்த்தது. நான் பின்னாலிருந்து ஓரடி முன்னால் வந்து அந்தத் துணுக்கை வாசித்தேன். கைதட்டல் கேட்டது. அந்த நேரம் ஐஸ்கிரீம் வந்தது என்று பொறாமை பிடித்தவர்கள் சொல்வார்கள்.

சில நாள் கழித்து யாமினி எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, வூட்ல அவரு வாசிக்கறதே இல்லண்ணா. சோறு துன்றப்பகூட அந்தப் பொட்டியப் பாத்துகினே கீறாரு. திருகறாரு, கேக்கறாரு, தலைல அடிச்சிக்கறாரு. மின்னாடி அவரு வாசிச்சா பக்கத்து வூட்டுப் புள்ளிங்க தூங்கும். இப்ப அவருக்கே தூக்கமில்ல. நீங்க சொன்னா கேப்பாரு. ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா."

அழுதாள். பாவமாக இருந்தது. சொல்கிறேன் அம்மா என்று ஆறுதல் கூறினேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுபவன் நான். அன்றைக்கே குணாவைக் கூப்பிட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

"ஒயர்" என்றேன்.

"ஒயரா?"

"டேப்பு சுத்தின ஒயர்ல எப்படிடா டோன் வரும்?"

அதன்பின் அதிக நாள் ஆகவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, சார் அவனிடம், "எல்லாத்தையும் சரிபண்ணிண்டு அப்புறமா வாப்பா" என்றார். அவன் வரவில்லை. கிட்டாரைச் சுவரில் மாட்டிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். பாடிக்கொண்டிருந்த ஒரு கையை ஊமையாக்கினேன். தெரிந்து செய்தேன். நிதானமாகச் செய்தேன். யாரும் தூண்டவில்லை. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இடம் திரும்பக் கிடைத்தது. விளக்கு என்மேல் விழுந்தது. வாசித்தேன். சார் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு ஃபிளாஸ்கைக் கவிழ்த்துப் பார்த்தார். அடுத்த மேடையிலும் அப்படித்தான். ஜனங்கள் வீட்டு வாடகையைப் பற்றி, தண்ணீர் லாரியைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் யோசிக்கிறவன். குணாவிடம் இருந்தது, என்னிடம் இல்லாதது எது என்று யோசித்தேன். பெட்டிகள்தான். முன்பு எனக்கு வித்தியாசம் கேட்காததற்குக் காரணம் நான் பின்வரிசையில் நின்றது. அவன் எல்லாவற்றையும் விற்கப் போவதாகத் தெரிந்ததும், நானே மொத்தமாக எடுத்துக்கொண்டேன். அவனுக்கும் ஒரு உதவி.

"துணி காயப்போட எடமில்ல. இது வீடா, கரண்ட் ஆபீஸா?" என்று என் மனைவி ஜெனிஃபர் கத்தினாள். அவளுக்கு சங்கீத ஞானம் கிடையாது.

இந்த நவம்பரில் எங்கள் தொம்மலூரிலேயே ராஜ்யோத்சவா மேடை. தெருவுக்கு சீரியல் விளக்கு கட்ட வந்த எலெக்ட்ரீஷியன் குணசேகர். நிகழ்ச்சி பார்க்க யாமினியும் கூட வந்திருந்தாள். பாட்டு ஆரம்பித்தது, என் இடம் வந்தது, மிதித்தேன். பலகையில் இருந்த அத்தனை விளக்கும் ஒன்றாக அணைந்தன. சத்தம் இல்லை. குனிந்து ஒயர்களை அசைத்தேன். "குரு, ஏனாய்த்து?" என்று, என்ன ஆயிற்று என்பதைக் கீழேயிருந்து ஒருவன் கன்னடத்தில் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

சார், விளக்கு கட்டும் ஏணியைப் பார்த்துக் கூப்பிட்டார். "குணா, கொஞ்சம் இதைப் பாரேன்."

இறங்கி வந்தான். "நவுருணா" என்றான். பெட்டிகளை எல்லாம் கழற்றி ஓரமாகத் தள்ளினான். என் கிட்டாரை வாங்கித் தோளில் மாட்டி, தன் கருவிப் பையிலிருந்து அந்தக் கறுப்பு டேப் ஒயரை எடுத்து நேராக ஸ்பீக்கரில் செருகினான். லைன் வருகிறதா என்று பார்க்கத்தான் கம்பியைத் தொட்டான். வந்தது. கொஞ்சம் நீட்டிப் பார்த்தான். அப்படியே அந்தத் துணுக்கு முழுவதும் வந்துவிட்டது.

தெரு அடங்கியது. கோபி மஞ்சூரியன் வண்டிக்காரர் அடுப்பைக் குறைத்தார். யாமினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாரின் டம்ளர் தரையில் இருந்தது. வாசித்து முடித்த குணா கையைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான், ஓரத்தில் கிடந்த பெட்டிகளைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான். புருவத்தின் நடுவே அந்தச் சுருக்கம் இல்லை. பிறகு நெடுநேரம் சிரித்தான். லைன் சரியாகிவிட்ட சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

மேடைக்குப் பின்னால் அவனைப் பிடித்தேன். "குணா, வெளிப்படையாச் சொல்லு. என் வாசிப்புல என்னடா கொறை?"

உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு இழுத்து விட்டான். யாமினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் என் தோளில் கைபோட்டான்.

"ணா, உன் கைல எல்லாம் கீது. டோன் மட்டும் கொஞ்சம் ஒல்லியா கீது."

எனக்கு உயிர் வந்தது. கை இல்லை, டோன்தான். அதைக் கடையில் வாங்கலாம். இன்னும் என்னென்ன வேண்டும் என்று அவனே சொல்லியிருக்கிறான். வரும் சனிக்கிழமை கடைக்குத் தானே கூட வருவதாகவும் சொன்னான், தங்கமான பிள்ளை. டோன் கெட்டியாகும் வரை லீடு அவன் பார்த்துக்கொள்கிறான், நான் தற்காலிகமாகப் பின்னால் நிற்கிறேன்.

அன்றைக்கு இதே வார்த்தைகளை நான் அவனிடம் சொன்னபோது அது முழுப் பொய். அதை ஒத்துக்கொள்ளத்தான் இவ்வளவும் சொன்னேன். ஆனால் குணாவுக்குப் பொய் சொல்ல வராது.