வசந்தியின் வயிறு

தியாகராய நகருக்குக் கடல் காற்று எட்டாது; வெயில் காலத்தில் அங்கே குடியிருக்க முடியாது. என் தங்கை வசந்தி அங்கேதான் குடிபோனாள், ஐயா. வைரவனைப் பிடித்துவிட்டீர்கள், சரி. என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு, பட்டினப்பாக்கத்தில் வைரவன் நிழலில்தான் வளர்ந்தோம். கள்ளச் சாராயம் அவன் தொழில். சைக்கிள் டியூபில் சரக்கை நிரப்பிப் பெண்களின் வயிற்றில் சுற்றிக் கட்டுவான். மேலே புடவையை இழுத்துவிட்டால் நிறைமாதக் கர்ப்பிணி. டிராமில் போலீஸ்காரரே எழுந்து இடம் கொடுப்பார். வசந்தி வயசுக்கு வந்ததிலிருந்தே சுமந்தாள். அந்தக் கூலியில் நான் பி.ஏ. படித்தேன். நன்றி கெட்டவள் என்று எழுதாதீர்கள். மண்டையை உடைத்துக்கொண்டு படித்தது நான்.

மயிலாப்பூரில் வேலை கேட்ட பள்ளிக்கூடங்களில் எந்தத் தெரு என்றார்கள். சொன்னேன். அதற்கு மேல் பேச்சில்லை. கைநாட்டு வசந்தியோ, அச்சாபீஸ் கங்காதரனைக் கட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். அங்கே எதிர்வீட்டு மாமி அவளை, "சித்த வந்துட்டுப் போயேண்டி, பூ தொடுத்து வச்சிண்டிருக்கேன்" என்று கூப்பிடுகிறாள்.

"நீயும் இங்கயே வந்துடுக்கா. இவ்ளோ படிச்சிட்டு இன்னாத்துக்கு அந்த நாத்தத்துல கெடக்கறே?" என்றாள் வசந்தி. நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் பொறுக்கவில்லை.

வைரவனிடம் ஒரு சட்டம் உண்டு. அவனுக்கு டியூப் கட்டியவள் வேறு ஆளுக்குக் கட்டினால் விசாரணை கிடையாது. வயிற்றில் ஒரு உதை. டியூப் வெடித்தால் குற்றம் ருசு.

மீன் வாங்கப் போன இடத்தில் அவன் நின்றிருந்தான்.

"இன்னா பி.ஏ., தங்கச்சி எப்டி கீது?"

"வயிறு பெருசா கீது நைனா. பொழுது சாஞ்சா பாண்டி பஜார்ல தனியாப் போய்க்கினு வருது."

"யாருக்குக் கட்டுதாம்?"

நான் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அவளுக்கு ஏழாம் மாதம் என்பதை அவன் கேட்கவில்லை.

அவன் உதைத்த அன்றைக்கே குழந்தை போயிற்று. இனித் தரிக்காது என்றார் டாக்டர். அவள் பழைய தொழிலை விடவில்லை என்று நினைத்துக் கங்காதரனும் கைகழுவிவிட்டான். இப்போது பட்டினப்பாக்கத்தில் என்னோடு இருக்கிறாள். தலை வாரிவிடுகிறேன். "உன்ன வுட்டா எனக்கு யாருக்கா கீறாங்க?" என்கிறாள்.

சீக்கிரம் எழுதி முடியுங்கள், ஐயா. நான் போய் ஊட்டாவிட்டால் அவள் சாப்பிட மாட்டாள்.