ஆபீஸ் பேரும் வீட்டுப் பேரும்

ஹலோ... ஹலோ, ஜப்பான் பாஷை சொல்லித்தர டீச்சருங்களா? உங்க கிளாஸ்ல கடைசி வரிசையில உக்காந்து கொட்டாவி விடுவாரே, கண்ணாடி போட்டவரு... ஆமா, ஆமா, அவரேதான். அவரோட சம்சாரம் பேசறேன்.

காய்ச்சலா? அப்படியா சொன்னாரு? கல்லு மாதிரி இருக்காரு. பரீட்சைக்குப் பேர் குடுக்க இன்னிக்குக் கடைசி நாளாமே? மூணாவது தடவையும் கோட்டை விட்டா மானம் போயிடும், நான் எழுதல, நீயே சொல்லிடுன்னு போனை என் கையில திணிச்சுட்டு உள்ள போய்ட்டாரு.

ஐயோ, என்கிட்ட கோவிச்சுக்காதீங்க... ஆமா... ஆமா... ஆபீஸ்ல இவருக்குப் பதிலா பக்கத்து சீட்டுக்காரர ஜப்பானுக்கு அனுப்பிடுவாங்கதான். தலையில அடிச்சுக்கிட்டு சொல்லிட்டேன்.

எதுல மாட்டிக்கிறாருன்னா கேக்கறீங்க? ஜப்பான்காரங்க கடன் வாங்கின சீனாக்காரங்க எழுத்து, சீனாக்காரங்க உச்சரிப்பு, அதெல்லாம் கடகடன்னு வரும். அதே எழுத்துக்கு ஜப்பான்காரங்க சொந்தமா ஒரு வார்த்தை வெச்சிருக்காங்களே, அங்கதான் திருதிருன்னு முழிக்கிறாரு. மலைக்கு ஒரு எழுத்து. வேற எழுத்தோட சேர்ந்தா 'சான்', தனியா நின்னா 'யமா'. ஆபீஸ்ல ஒரு பேரு, வீட்ல ஒரு பேரு, இவ்ளோதானே விஷயம்? இவர வீட்ல நாங்க என்னென்னவோ கூப்பிடறோம், எல்லாத்துக்கும் திரும்பிப் பாக்கறாரில்ல?

நானா? நான் எங்க படிச்சேன்... தினமும் எழுத்து போட்ட அட்டையத் தூக்கிக் காட்டி கேள்வி கேக்கறது நான்தான். அடுப்புல ஒரு கண்ணு, அட்டையில ஒரு கண்ணு.

ம், கேளுங்க... தண்ணியா? 'மிஸு'... நெருப்பு 'ஹி'... மனுஷன் 'ஹிதோ'... ஓ, உயிருக்குப் போடற அந்தப் போக்கிரி எழுத்தா! அதுக்கு ஒண்ணா ரெண்டா? உயிரோட இருந்தா 'இகிரு', பொறந்தா 'உமரேரு', வேகாம பச்சையா கெடந்தா 'நமா'... இன்னும் வேணுமா? ஹலோ? டீச்சர், இருக்கீங்களா?

எதுக்கு சிரிக்கறீங்க?... யாரு, நான் எழுதறதா? சும்மா இருங்க டீச்சர்... வயசெல்லாம் பாக்க மாட்டாங்களா?... வேலைக்குப் போகாதவங்களும் எழுதலாமா?... நெஜமாவா?

ஒண்ணு சொல்லட்டுமா? கல்யாணமாகி பதினோரு வருஷம். சாப்பாடு ஆச்சா, சட்டை எங்க, இதத் தவிர என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்ல. நீங்க கேட்டீங்க, சரின்னும் சொன்னீங்க... இல்ல இல்ல, அழல. சந்தோஷமா இருக்கு, அவ்ளோதான்.

போடுங்க. என் பேரையே போடுங்க... அஞ்சு மணிக்குள்ள நானே வந்து கையெழுத்துப் போடறேன்.

இருங்க, வெளிய வந்துட்டாரு... என்னங்க? சொல்லியாச்சு, நீங்க எழுதலன்னு... அப்புறமும் யார்கூடப் பேசறேன்னா கேக்கறீங்க?

என் டீச்சர்கூட.