பக்கத்து சீட் பிரேக்

போட்டாச்சு சார், பெல்ட்டு அப்பவே போட்டாச்சு. கண்ணாடியும் பாத்தாச்சு. நடுவுல இருக்கறதப் பாத்தேன், ரெண்டு பக்கமும் இருக்கறதப் பாத்தேன், போற போக்குல என் மூஞ்சியையும் பாத்துக்கிட்டேன். அதுக்கு மார்க்கு குறைக்க மாட்டீங்கன்னு நெனைக்கறேன். போன ரெண்டு தடவையும் நீங்கதான் டெஸ்ட்டுக்கு வந்தீங்க, என்னை மறந்திருக்க முடியாது. அறுபது தாண்டி, ரெண்டு தடவை ஃபெயிலாகி, கூச்சநாச்சமே இல்லாம மூணாவது தடவையும் லைசென்ஸ் குடுங்கன்னு வந்து நிக்கற பொம்பளை வேற யாரு இருக்கப் போறா.

ஆமா, இது எங்க சொந்தக் காரு. சொந்தக் கார்ல வந்தா உங்க பக்கம் பிரேக் இருக்கணும்னு கட்டாயமில்லைன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. ஆனா இருக்கு, கீழ பாருங்க. கொஞ்சம் எடது பக்கமா தள்ளி இருக்கும், உங்க கால அதுக்கேத்த மாதிரி வச்சுக்கோங்க. அதோ அந்த பெஞ்சுல கைத்தடியோட உக்காந்திருக்காரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். கைய ஆட்டறாரேன்னு டாட்டா காட்டறதா நெனச்சுடாதீங்க. கிளட்ச்ச மெதுவா விடுன்னு காட்டறாரு.

சரி, கெளம்பறேன்.

நீங்க பேசக் கூடாதுன்னு ரூல் இருக்கு, எனக்குத் தெரியும். லெஃப்ட், ரைட், நிறுத்துங்க, அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டீங்க. எனக்கு இது புதுசில்ல, வீட்டுலயும் அப்படித்தான். ஆனா பேசிக்கிட்டே இருந்தாத்தான் எனக்கு வண்டி ஓட்ட வரும். நான் பாட்டுக்குப் பேசறேன், நீங்க பாட்டுக்கு எழுதுங்க.

லெஃப்ட்டா? சரி.

எங்க வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்தினவரு. இந்த ஊர்ல பாதிப் பேரு அவர்கிட்டதான் கத்துக்கிட்டாங்க. பிரேக் வாத்தியார்னு கேட்டா சின்னப் பசங்களுக்குக் கூடத் தெரியும். நான் அந்த ஸ்கூலோட ஆபீஸ்ல இருந்தேன். ஃபோன் எடுப்பேன். சுவத்துல மாட்டின சார்ட்ட குச்சியால காட்டி, இது நில்லு, இது திரும்பாதேன்னு வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பேன். டாக்டருங்க, வக்கீலுங்க எல்லாம் என்கிட்ட கையக் கட்டிக்கிட்டு உக்காந்து கேட்டிருக்காங்க. ஸ்டியரிங்க மட்டும் நான் தொட்டதில்ல. பொய் சொல்லக் கூடாது, தொடைக்கத் தொட்டிருக்கேன்.

எனக்கும் கத்துக் குடுங்கன்னு கல்யாணமான புதுசுல கேட்டேன். குழந்தை பொறக்கட்டும்னாரு. பொறந்துச்சு. ஸ்கூல்ல சேரட்டும்னாரு. சேந்தா. அவ படிச்சு முடிச்சு, எங்க ஸ்கூல்லயே லைசென்ஸும் வாங்கி, கல்யாணம் பண்ணிக்கிட்டு வேற ஊருக்கே போயிட்டா. அப்பவும் கேட்டேன். ரிட்டயர் ஆனதும் நிதானமா கத்துத் தரேன், இதெல்லாம் அவசரத்துல கத்துக்கற விஷயமான்னாரு. நிதானம்னா நிதானம், அப்படி ஒரு நிதானம் சார் அவருக்கு.

நாய். பாத்துட்டேன், பாத்துட்டேன். நின்னுடுச்சு பாருங்க. உங்க காலும் போயிடுச்சா? பரவால்ல, ரெண்டு பேரு மிதிச்சதால நாய்க்கு ஒண்ணும் நஷ்டமில்ல. அது என்ன அதுக்குள்ள எழுதறீங்க? சரி, எழுதுங்க.

இந்த ரிட்டயர் ஆனதும்ங்கற வார்த்தைய கண்டுபிடிச்சவரு யாருன்னு தெரியல, கெடைச்சா நாலு வார்த்தை கேக்கணும். எங்க கொழுந்தனார் ரிட்டயர் ஆனதும் வயலின் கத்துக்கப் போறேன்னு வாங்கி வச்சாரு. பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு. வயலினும் உள்ளதான் இருக்கும்னு நம்பறோம். எங்க கீழ் வீட்டுப் பல் டாக்டரு விவசாயம் பண்ணப் போறாராம். பூட்ஸ் வாங்கிட்டாரு, அகலமா ஒரு தொப்பி வாங்கிட்டாரு, நிலம்தான் பாக்கி. ஞாயித்துக்கிழமை ஆனா தொப்பிய மாட்டிக்கிட்டு மொட்டை மாடியில நிப்பாரு. என்ன வெளையப் போகுதோ, அந்த மாடிக்குத்தான் வெளிச்சம்.

எங்க வீட்டுக்காரர் ஆசைய கேளுங்க. வண்டி ஓட்டறதுதான். சிரிக்காதீங்க, நெஜமாத்தான். வாழ்நாள் பூரா கார்லயே உக்காந்திருந்த மனுஷன், ஆனா பக்கத்து சீட்டுல. கால்ல ஒத்த பிரேக்கு. அதே நாலு தெரு, அதே ஃபர்ஸ்ட் கியரு, செகண்ட் கியரு. கூட உக்காந்து ஓட்டறவங்க அழுவாங்க, வியர்ப்பாங்க, ஒருத்தரு வாந்தி கூட எடுத்திருக்காரு. அதனால ரிட்டயர் ஆனதும், கத்துக்கற ஆளு யாரும் இல்லாம, ஹைவேயில டாப் கியர்ல, ரோடு முடியற வரைக்கும் போகணும். ரோடு முடியற எடத்துல கடல் இருக்கு. அங்க போயி என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். திரும்பி வருவேன்னாரு. அவ்வளவுதான் சார் திட்டம். இதுக்குத்தான் அத்தனை வருஷம் காத்திருந்தாரு.

ரைட்டு. இண்டிகேட்டர் போட்டேன், சத்தம் கேக்குதில்ல.

ஸ்கூல மூடின மறுநாள் காலையில கெளம்பினோம். இவரு முன்னாடி போனாரு, நான் வீட்டப் பூட்டிட்டுப் பின்னாடி வரேன். வந்து பாத்தா ஸ்கூல் காருக்குள்ள உக்காந்திருக்காரு, பெல்ட்டெல்லாம் போட்டு, ஜம்முன்னு. எங்க? பக்கத்து சீட்டுல. டிரைவர் சீட்டு காலி. அந்தக் காலி சீட்டப் பாத்து, கண்ணாடி பாத்தாச்சா, இண்டிகேட்டர் போடுங்கன்னு சொல்றாரு. எனக்கு வந்துச்சு பாருங்க சிரிப்பு, கேட்டப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவருக்கு மூஞ்சியே செத்துப் போச்சு. எறங்கி, சுத்தி வந்து, டிரைவர் சீட்டுல உக்காந்தாரு. உக்காந்தா என்ன, கை வரணுமே. செகண்ட் கியர்லயே ஊர் எல்லை வரைக்கும் போனோம். பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே ஓஞ்சு போயிட்டான். அங்கேர்ந்து வண்டியத் திருப்பிட்டாரு. நாளைக்குப் போலாம்னாரு.

நான் சிரிச்சிருக்கக் கூடாது. சரி, விடுங்க.

வேன் ரிவர்ஸ்ல வர்றான் பாருங்க, பின்னாடி பாக்கறானா? எங்க ஸ்கூல்ல படிச்சவனா இருக்க மாட்டான். நிறுத்திட்டேன், போகட்டும். ஆமா, நீங்களும் மிதிச்சீங்க, தெரிஞ்சுது. மிதிங்க, யார் வேணாம்னா.

அந்த நாளைக்கு வரவே இல்ல. அந்த மாசமே அவருக்கு ஸ்ட்ரோக் வந்துடுச்சு. வலது கை, வலது கால், ரெண்டும் போச்சு. பேச்சு மட்டும் கொழகொழன்னு பாக்கி, அதுலயும் முக்காவாசி கிளட்ச், கியருதான். இனிமே வண்டி ஓட்ட முடியாதுன்னு டாக்டரு ரொம்பத் தன்மையா எடுத்துச் சொன்னாரு. இவரு அவர்கிட்ட, சார் போன வாரம் நீங்க சிக்னல்ல கோட்டத் தாண்டி நின்னீங்களேன்னு கேட்டாரு. அந்த டாக்டரும் எங்ககிட்ட கத்துக்கிட்டவருதான்.

என்னை நீங்க தியாகின்னு நெனச்சுட வேண்டாம். பாவம், புருஷனுக்காக இந்த வயசுல கஷ்டப்படறாளேன்னு போன தடவை உங்க ஆபீஸ்ல ஒரு அம்மா கண்ணு கலங்கினாங்க. அவங்களுக்கு வேற வேலை இல்ல. எனக்கு ஓட்டணும் சார். எனக்கு. இருபது வயசுலேர்ந்து ஓட்டணும். அவரக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறது ரெண்டாவதுதான். ஒரே ரோட்டுல ரெண்டு ஆசையும் போகும்னா எனக்கென்ன கசக்குமா.

எங்க ஸ்கூலுக்கு எதிர்லயே ஒரு பொண்ணு ஸ்கூல் வச்சிருக்கா, எங்ககிட்ட கத்துக்கிட்டவதான். அவகிட்டப் போய்ச் சேந்தேன். எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாவது நாள், அவ ரிவர்ஸ் எப்படிச் சொல்லித் தர்றான்னு கேட்டாரு. சொன்னேன். தப்பு, தப்புன்னு அன்னைக்குப் பூரா ஒரே சந்தோஷம்.

ரெண்டு தடவையும் அவ கார்லதான் டெஸ்ட்டுக்கு வந்தேன். ரெண்டு தடவையும் நீங்க என்ன எழுதினீங்க? நேரத்துல பிரேக் போடல, அதிகாரி போட வேண்டி வந்துச்சுன்னு எழுதினீங்க. நான் போட்டேன் சார். உங்க காலும் என் காலும் ஒண்ணாத்தான் போச்சு. யாரு மிதிச்சு வண்டி நின்னுச்சுன்னு எப்படிச் சொல்றது? ஆனா பேனா உங்க கையில இருக்கு. உங்களக் குத்தம் சொல்லல. அந்த சீட்டுல உக்காந்தவங்க காலு சும்மா இருக்காது, வீட்டுலயே பாத்திருக்கேன். டிவியில எவனாவது வேகமா வண்டி ஓட்டினா எங்க வீட்டுக்காரர் சோபாவுல உக்காந்து தரைய மிதிப்பாரு.

ஸ்கூட்டர்க்காரன். பாருங்க, சைடுல பாக்காமயே வர்றான். நின்னாச்சு, நின்னாச்சு. மறுபடியும் எழுதறீங்க.

இந்தத் தடவை விட்டா எனக்கு வேற வழியில்ல. ஞாயித்துக்கிழமை பொண்ணு வர்றா, கார வித்துடப் போறா. ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு, எங்கயாவது போகணும்னா டாக்ஸி கூப்பிட்டுக்கோங்கங்கறா. கூப்பிட்டேனே. இவரு டாக்ஸியில ஏற மாட்டேன்னுட்டாரு. ஏன் தெரியுமா? முன் சீட்டுல பிரேக் இல்லையாம். பிரேக் இல்லாத சீட்டுல நான் உக்காந்ததே இல்லைங்கறாரு. எங்க காருக்கும் அதே கதைதான். அப்புறம் மெக்கானிக்கப் புடிச்சு, எங்க பழைய ஸ்கூல் கார்லேர்ந்து அந்த பிரேக்கக் கழட்டி, அவரோட எடது காலுக்கு வாகா இதுல மாட்டினோம். அதான் உங்களுக்குத் தள்ளி இருக்கு. எனக்கு லைசென்ஸ் கெடைச்சா சனிக்கிழமை காலையில கெளம்பறோம். கெடைக்கலைன்னா அவரு பெஞ்சுலேர்ந்து வீட்டுக்கு, வீட்டுலேர்ந்து பெஞ்சுக்கு. என் கதையும் அதேதான், தொடைக்கறதுக்குக் காரு கூட இருக்காது.

ஆபீஸ் வந்துடுச்சு. அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுலயா? சரி, ரிவர்ஸ்ல போடறேன். பேசல, பேசல, இப்ப மட்டும் பேசல.

ம். நேராத்தான் நிக்குது, எறங்கிப் பாத்துக்கோங்க.

என்ன சார், தலைய ஆட்டறீங்க? மறுபடியுமா? மூணு எடத்துல நீங்க பிரேக் போட வேண்டி வந்துச்சா. நாய், வேன், ஸ்கூட்டரு. நீங்க மிதிக்கலைன்னா நான் மோதியிருப்பேங்கறீங்க. சரி. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன உபகாரம் பண்ணுங்க. வண்டிய மெதுவா முன்னாடி நகத்தறேன், யாரும் இல்ல பாருங்க, காலி எடம்தான். உங்க பிரேக்க மிதிங்க.

மிதிச்சீங்களா? நல்லா மிதிங்க. போகுதில்ல வண்டி? இன்னும் அழுத்தி மிதிங்க, கூச்சப்படாதீங்க. போதும், நான் நிறுத்திடறேன். பாருங்க, நின்னுடுச்சு.

அது எதோடயும் சேரல தம்பி. கீழ ஒரு ஸ்பிரிங்குதான், மிதிச்சா பிரேக் மாதிரியே குடுக்கும். தம்பின்னு வந்துடுச்சு வாயில, மன்னிச்சுக்கோங்க. அந்த நாய்க்கு நின்னது நான். வேனுக்கு நின்னதும் நான்தான், ஸ்கூட்டருக்கும் நான்தான். உங்கள ஏமாத்தணும்னு பண்ணல, உங்களுக்காக மாட்டினதே இல்ல அது. மொதல்ல ஒழுங்காத்தான் மாட்டினோம். காலி மைதானத்துல அவர உக்கார வச்சு ஓட்டிப் பாத்தேன். தூரத்துல காக்கா ஒண்ணு நடந்துச்சு, மிதிச்சாரு பாருங்க, நான் போய் ஸ்டியரிங்ல இடிச்சுக்கிட்டேன். நல்லா இருக்கற அந்த எடது காலும் பதட்டத்துல வெறைச்சுப் போயி, மிதிச்சது திரும்பி மேல வரல. அவரால எடுக்க முடியல. எங்கிட்ட சொல்லவும் முடியல, கண்ணுல தண்ணி. ஹைவேயில அப்படி ஆச்சுன்னா ரெண்டு பேரும் கடலுக்குப் போக மாட்டோம், நேரா மேலதான். அதான் மறுநாளே மெக்கானிக்க வச்சு உள்ள அத்து விட்டுட்டேன். பெடல மட்டும் விட்டு வச்சேன். அவருக்குத் தெரியாது. இப்பல்லாம் அவரு மிதிக்கறதப் பாத்து நானும் மிதிப்பேன், வண்டி நிக்கும். பாத்தியா, நான் இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்னு கேப்பாரு. ஆமாங்கன்னு சொல்லுவேன். வண்டி ஓட்டறதுல அவருக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்.

மொதல்ல எழுதினத அடிச்சுட்டு எழுதறீங்களா? எழுதுங்க, நிதானமா எழுதுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இருங்க, மூக்குக் கண்ணாடியத் தொடச்சுக்கறேன், ஒண்ணும் சரியாத் தெரியல.

அதோ எழுந்திரிச்சு வர்றாரு பாருங்க, தடிய ஊனிக்கிட்டு. வந்ததும் உங்ககிட்ட நான் பாஸா ஃபெயிலான்னு கேக்க மாட்டாரு, அவரத் தெரியும் எனக்கு. அந்தப் பக்கத்து பிரேக் எப்படி இருந்துச்சுன்னுதான் கேப்பாரு. நல்லாப் புடிக்குதுன்னு சொல்லிடுங்க.