கதவைச் சுரண்டியது நான்தான்

கண்டிப்பும் கனிவும் கலந்த கல்லூரி முதல்வர் அவர்களே, வண்ணம் குழைத்து வாழ்வை வரைந்த முன்னாள் மாணவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசைக்கும் பின்னால் துடைப்பத்தோடு நிற்கும் என்னைப் பெற்றவளே, வணக்கம்.

"சத்தமா பேசும்மா!" என்கிறீர்கள். பேசுகிறேன், அண்ணே. இதோ, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். உருவப்பட வகுப்பில் மாணவர்கள் பார்த்து வரைய அசையாமல் உட்காருவது என் வேலை. இந்த மண்டபச் சுவரில் தொங்கும் பன்னிரண்டு முகங்களும் என் முகம்தான். அதனால் நன்றி சொல்ல அழைத்தார்கள். அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்க நெஞ்சு விடவில்லை.

இக்கல்லூரியின் வரலாறு எங்கே இருந்தது? ஏட்டிலா? கல்வெட்டிலா? இல்லை, ஓவியக்கூடத்துக் கதவில் இருந்தது! படிப்பு முடித்த ஒவ்வொருவரும் கடைசித் தூரிகையை அதன் உட்புறத்தில் துடைத்துவிட்டுப் போவார்களாம். விளம்பரப் பலகை எழுதப் போனவரின் சிவப்பு, பாடநூலுக்குப் படம் வரைந்தவரின் பச்சை, கைக்குழந்தையோடு தேர்வெழுதிய அக்காவின் நீலம். அறுபது ஆண்டு வண்ணம், மரப்பட்டை போலத் தடித்திருந்தது.

எனக்குத் தெரியாது. வகுப்பு நேரத்தில் கதவு திறந்து சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அதுவும் என் முதுகுக்குப் பின்னால். திரும்பாமல் இருப்பதற்குத்தானே எனக்குக் கூலி!

முந்தாநாள், இங்கே கூட்டித் துடைக்கும் என் அம்மாவுக்கு முதுகுவலி. "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றேன். விழாவுக்குக் கூடம் மின்ன வேண்டுமே! கதவில் இருப்பது பழைய கறை என்று நினைத்துக் கத்தியால் சுரண்டினேன், வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் ஊற்றித் தேய்த்தேன். "அம்மா, வந்து பாரு, எப்படி பளபளக்குது!" என்றேன். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி! யார் கேட்டாலும் நான்தான் செஞ்சேன்னு சொல்லுவேன். நீ வாயத் தொறக்காத."

அந்தப் பொய்யை எல்லோரும் நம்பினீர்கள். நாளை முதல் அவளுக்கு இங்கே வேலை இல்லை.

பதினெட்டு ஆண்டுகள் நீங்கள் சிந்தியதையெல்லாம் துடைத்தவள், அந்தக் கதவை ஒரு நாளாவது தொட்டாளா? தெரிந்தவள் தொடுவாளா? தெரியாதவள் தொட்டேன்! என் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள், அவள் துடைப்பத்தை விட்டுவிடுங்கள்!

"என் மஞ்சள் போச்சா, பாப்பா?" என்று முன்வரிசைப் பெரியவர் கேட்கிறார். கீல் இடுக்கில், கத்தி நுழையாத இடத்தில், விரலகலம் மிச்சம் இருக்கிறது, ஐயா. அதில் மஞ்சளும் உண்டு. உங்களுடையதா என்று வந்து பார்த்துச் சொல்லுங்கள்.

முதல்வர் ஐயா, பதில் வரும்வரை இந்த மேடையிலேயே உட்கார்ந்திருப்பேன். அசையமாட்டேன். அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

அம்மா, தலையைத் தூக்கு. பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.